பொத்தான் தைக்காத நான்கு நாள்

எங்கள் சலவைக் கடையிலிருந்து பொத்தான் இல்லாத சட்டை வெளியே போனதே இல்லை. யாரும் கேட்காமலே தைத்துக் கொடுப்போம். என் அப்பா ஏற்படுத்திய வழக்கம் அது. துணியை வாங்கி அடையாளச் சீட்டுக் கட்டுவது நான். இஸ்திரி போட்டுப் பொத்தான் தைப்பது என் தம்பி.

தம்பி மகளுக்குப் பத்து வயது. எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுவாள். அதனால் அவளை 'ஜட்ஜம்மா' என்போம்.

ஒரு திங்கட்கிழமை அவள் நோட்டோடு கடைக்கு வந்தாள்.

"அப்பா, சனிக்கிழமை அஞ்சு மணிக்கு ஸ்கூல்ல செஸ் ஃபைனல். போன தடவையும் நீங்க வரல."

"வேலை முடியலையே கண்ணு!"

"ஏன் முடியலன்னு பார்த்துட்டேன். பொத்தானுக்கு மட்டும் தினமும் ஒரு மணி நேரம் போகுது. பாதிப் பேர் அதைக் கவனிக்கிறதுகூட இல்ல. அப்புறம் எதுக்கு?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"பெரியப்பா, ஒரே ஒரு காரணம் சொல்லுங்க."

"அது நம்ம கடை வழக்கம்."

"வழக்கம் காரணம் ஆகாது."

அவ்வளவுதான், தீர்ப்பாகிவிட்டது. மறுநாள் கடையில் ஓர் அட்டை தொங்கியது: 'இனிப் பொத்தான் தைக்கப்படாது.' ஜட்ஜம்மாவின் கையெழுத்து அழகாக இருந்தது. அதனால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

அவள் சொன்னபடியே நடந்தது. தினமும் வேலை சீக்கிரம் முடிந்தது. ஆனால் இஸ்திரி போடும்போது விசிலடிக்கிற என் தம்பி, அந்த நான்கு நாளும் விசிலடிக்கவில்லை.

சனிக்கிழமை நான்கு மணிக்குத் தன் அப்பாவை அழைத்துப் போக ஜட்ஜம்மா வந்தாள். அதே நேரம் ஓர் இளம் நர்ஸ் தன் வெள்ளைச் சட்டையை வாங்க வந்தார். பிரித்தால், கழுத்துப் பொத்தானைக் காணோம்.

"நாளைக்குத்தான் வேலையில முதல் நாள்" என்றார் நர்ஸ். பிறகு அட்டையைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, ஒரு கையால பிடிச்சுக்கிறேன்" என்று சிரித்தார்.

"அப்ப எந்தக் கையால ஊசி போடுவீங்க?" என்று கேட்டாள் ஜட்ஜம்மா.

தம்பியின் கை நூல் டப்பா வரை போய்த் திரும்பியது. அவன் மகளைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தான்.

"தைங்கப்பா" என்றாள் அவள்.

அவன் தைப்பதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். பிறகு அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

"அங்கேயும் பொத்தான் இல்லாத சட்டை இருக்கா?"

"பன்னிரண்டு இருக்கு. நாளைக்குக் காலையில வாங்க வருவாங்க. அது கிடக்கட்டும், உன் ஆட்டத்துக்கு நேரமாச்சு."

"இருங்கப்பா. நூல் தேடிக் கோக்கத்தான் மூணு நிமிஷம் ஆச்சு. தைக்க ஒரே நிமிஷம்தான். நான் கோத்துத் தரேன், நீங்க தைங்க. பெரியப்பா பொத்தான் தேடட்டும்."

"நானா?"

"வழக்கம்னு சொன்னது நீங்கதானே!"

பொத்தான் டப்பாவைக் கவிழ்த்துத் தேடினேன். நர்ஸும் போகாமல் உட்கார்ந்து இரண்டு பொத்தான் தைத்தார். மூன்றாவது சட்டையிலேயே தம்பி விசிலடிக்க ஆரம்பித்துவிட்டான்.

ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பள்ளிக்குள் ஓடினோம். தம்பி முன்வரிசையில் உட்கார்ந்தான். மகள் ஒரு நல்ல நகர்த்தல் செய்தபோது விசிலடித்து நடுவரிடம் திட்டும் வாங்கினான். அவள் ஆட்டத்தை விட்டுவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

கடைசியில் தோற்றாள். எதிராளி அவளைவிட இரண்டு வயது மூத்தவன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

இப்போது அந்த அட்டை திருப்பித் தொங்குகிறது. தினமும் காலையில் ஜட்ஜம்மா பன்னிரண்டு நிற நூல்களை ஊசிகளில் கோத்து அந்த அட்டையில் குத்தி வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள். ஒரு மணி நேர வேலை இருபது நிமிடத்தில் முடிகிறது.

நேற்று ஒரு புது வாடிக்கையாளரிடம், "எங்க கடையிலிருந்து பொத்தான் இல்லாத சட்டை வெளிய போனதே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பெரியப்பா, அந்த நாலு நாள்?" என்றாள் ஜட்ஜம்மா.

"அதை நான் சேர்த்துக்கிறது இல்ல."

காரணம் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே அடுத்த ஊசியைக் கோத்தாள்.