உயிரோடிருப்பவளுக்குப் போட்ட இலை

"அம்மா, வெள்ளிக்கிழமை எதுக்கு ஸ்கூல் கேட்டுக்கு வந்துட்டு ஒரு வார்த்தை மிண்டாம நின்னே?"

ஞாயிற்றுக்கிழமை காலை, தோசையைத் திருப்பப்போன கலைச்செல்வியின் கை நின்றது. வெள்ளிக்கிழமை முழுவதும் அவள் கழக்கூட்டம் ஊரிலுள்ள தன் அலுவலகத்தில் மீட்டிங் அறையை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

"நான் வரலடி. வேற யாரையாவது பார்த்திருப்பே."

"நீதான். வெள்ளைத் தாவணி கட்டியிருந்தே. முடி இவ்ளோ நீளம்." அஸ்வதி தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். "முகம் மட்டும் காலேஜ் போற சேச்சிங்க மாதிரி சின்ன வயசா இருந்துச்சு. நான் டாட்டா காட்டினேன், நீ காட்டல."

தோசை கருகிப்போனது. வெள்ளைத் தாவணியும் இடுப்பைத் தொடும் பின்னலும் ஒரு காலத்தில் கலைச்செல்விக்கு இருந்தவைதான். சாலை என்கிற கடைத்தெருவில், கொப்பரை மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியின் மாடியில் கூடும் நிறைவிளக்குச் சபையின் பெண்களுக்கு அதுதான் உடுப்பு. செல்வகணேஷைக் கல்யாணம் செய்துகொண்டு சபையை விட்ட அன்று பின்னலையும் வெட்டி, அந்தத் துணியையும் தூக்கி எறிந்தாள்.

சபையை விட்டுப் போனவர்களை அவர்கள் திட்டமாட்டார்கள், தேடியும் வரமாட்டார்கள். சபைத் தலைவரான மூப்பர், போனவரின் பெயர் சொல்லிச் செத்துப்போனார் என்று அறிவிப்பார், அவ்வளவுதான். அதன்பின் ஞாயிறுதோறும், போனவர் உட்கார்ந்திருந்த ஓலைத் தடுக்குக்கு முன்னால் இலை போட்டு உப்பில்லாத சோறு வைப்பார்கள். கல்லுக்குண்டு மாதிரி உயிரோடு இருந்த கலைச்செல்விக்கு அப்படி முதல் இலை போட்டவள், அவளைப் பெற்ற முத்தாரம்மாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரியும்.

தன்னை மிரட்டுவதற்கு எவளையோ வேஷம் கட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் அவளுக்குப் பட்டது. தன்னை என்ன செய்தாலும் போகட்டும், பிள்ளையிடமா வருவது? அதே சாலைக் கடைத்தெருவில் பிளாஸ்டிக் கடை வைத்திருக்கும் ஜெபசிங்கைப் போனில் கூப்பிட்டாள். அவனும் சபையை விட்டு வந்தவன்தான்.

"ஆளை அனுப்புனாங்களா? அங்க ஏது ஆளு?" என்றான் அவன். "நாமெல்லாம் ஒண்ணொண்ணா வெளிய வந்தாச்சுல்லா. மூப்பரு மட்டும் கெடக்காரு, கை சரியா விளங்காம." பிறகு குரலைத் தாழ்த்தினான். "கலை, உங்க அம்மை போன மாசம் தவறிட்டாவ. உனக்குச் சொல்லக்கூடாதுன்னுட்டாரு. செத்தவளுக்கு எழவு சொல்ல மாட்டாகளாம்."

கலைச்செல்வி அழவில்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. செல்வகணேஷ் வேலைக்குப் போயிருந்தான். சாயங்காலம் அஸ்வதியைப் பக்கத்து ஃபிளாட் ஸ்மிதாவிடம் விட்டுவிட்டு, அந்தக் கிழவனின் வாயால் பதில் வாங்காமல் திரும்புவதில்லை என்று பஸ் ஏறினாள்.

கடைகள் அடைத்திருந்த சாலைத் தெருவில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த சாக்கின் வாடையும் காய்ந்த மிளகாயின் நெடியும் கொப்பரையின் சிக்கு வாசனையும் ஒன்றாய்க் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ள, கிட்டங்கியின் மரப்படிகளில் சுவரைத் தடவியபடி ஏறினாள். மேலே போகப் போக அந்த வாடைகள் எல்லாம் கீழே தங்கிவிட்டன. புதிதாய் வடித்த சோற்றின் ஆவி மட்டும் முகத்தில் அடித்தது.

கூடம் நிறையத் தடுக்குகள், வரிசை வரிசையாக. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு இலை கருகிச் சுருண்டு கிடந்தது. ஆள் இல்லை. இருந்தும், கல்யாணப் பந்தியில் பரிமாற வருகிறவனைப் பார்த்து எல்லாரும் பேச்சை நிறுத்துவார்களே, அப்படியொரு அமைதி அங்கே இருந்தது. விளக்கடியில் சோற்றுப் பானையைக் கட்டிக்கொண்டு மூப்பர் ஆறுமுகசாமி சாய்ந்திருந்தார்.

"வந்துட்டியா மக்களே," என்றார், சொந்த மகளைக் கூப்பிடுவதுபோல. அவள் செத்தபிறகு அவளிடம் அவர் பேசிய முதல் சொல் அது. "சோறு எப்பிடியோ வடிச்சிட்டேன், இனி கை தூக்க முடியல. நீ விளம்பு. ஒவ்வொரு இலைக்கும் ஒரு கை வச்சாப் போதும்."

"எம் பிள்ளைகிட்ட யாரை அனுப்புனீரு?"

"நான் யாரையும் அனுப்பல."

"எங்க அம்மை மொகத்தைக்கூட பாக்க விடலியே ஓய்! உயிரோட இருக்கவளுக்கு இலை போட வச்சீரே!"

"பேரு சொல்லி இலை போட்டா ஏதாவது வந்து உக்காரத்தான செய்யும்?" கிழவர் வரிசைகளைப் பார்க்காமலே பேசினார். "நாங்க போட்டோம். வந்து உக்காந்துட்டுது. பெறவு நிறுத்த முடியல. ஆளு கொறையக் கொறைய இலை கூடிப்போச்சு. விளம்பு மக்களே. பசியில இருக்கு."

அவள் சிரித்தாள். சாகப்போகிற வயதிலும் பயமுறுத்தியே வேலை வாங்கப் பார்க்கிறான் கிழவன் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பானையை அவர் மடியிலிருந்து பிடுங்கினாள். மூலையில் கிடந்த இலையொன்றை அவர் முன்னால் போட்டு, அத்தனை சோற்றையும் அதிலேயே கவிழ்த்தாள். ஆவி பறக்க அது அவர் முழங்கால்வரை சரிந்தது. அன்றைக்கு அவர் தன்னைப் பார்த்துச் சொன்ன அதே குரலில், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"ஆறுமுகசாமி செத்தார்."

மனசு குளிர்ந்தது. இத்தனை வருஷத்தில் இப்படியொரு குளிர்ச்சி அவளுக்கு வாய்த்ததில்லை. கிழவரின் உதடு துடிப்பதை ஆசைதீரப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் ஓர் இலை நொறுங்கியது.

எலி என்று நினைத்தாள். இன்னொன்று நொறுங்கியது. அப்புறம் ஓலை முறுகும் சத்தம், வெகுநேரம் சம்மணமிட்டவர்கள் கையூன்றி எழுந்திருக்கும்போது வருமே, அது. முதலில் கடைசி வரிசையில். அடுத்து அதற்கு முன் வரிசையில். பள்ளம் விழுந்திருந்த தடுக்குகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. மேலே யாரும் இல்லை. விளக்கு மட்டும் சாய்ந்து சாய்ந்து எரிந்தது, பக்கத்தில் ஆட்கள் நடப்பதுபோல.

மரப்படி கிறீச்சிட்டது. கீழ்நோக்கி. ஒன்றல்ல. பல.

"எங்க போகுது?" என்றாள்.

"அதது அததுக்க வீட்டுக்கு," என்றார் கிழவர். "அந்தந்தப் பேருக்க சொந்தக்காரங்க உயிரோட வெளிய இருக்காங்கல்லா."

அவள் கண் தன் தடுக்கைத் தேடியது. ஜன்னலோரம், முத்தாரம்மாளுடையதற்குப் பக்கத்தில். அது அசையவில்லை. பள்ளம் இல்லை. மேலே தூசி படிந்திருந்தது.

"என்னோடது... என்னோடது அசையலியே?"

ஆறுமுகசாமி நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் இப்போது பயம் இல்லை. கணக்குத் தீர்ந்தவனின் திருப்தி இருந்தது.

"இதுக எல்லாம் இப்பத்தான் எந்திரிக்குது. உன்னோடது உங்க அம்மை போனப்பவே எந்திரிச்சுப் போயிட்டுது. அவ கையால தவிர அது திங்காது. நீதான் செத்தவளாச்சே, உன் கை சேராது. இனி அந்த ரத்தத்துல இருக்கப்பட்டது ஒரு கை மட்டுந்தான், அது உம் பிள்ளைக்க கை."

அவள் படியில் விழுந்து எழுந்து ஓடினாள். தெருவில் மழை. போன் அடித்தது. ஸ்மிதா.

"சேச்சி, அஸ்வதி மோளுடைய பேக் இங்கே மறந்துட்டீங்க. கூட்டிட்டுப் போறப்போ ஒண்ணும் பேசலையே, தலைவேதனையா? இந்த நீளமான முடி நல்லா இருக்கு, கேட்டோ."

போனைத் துண்டித்தாள். வீட்டு டேப்லெட்டுக்கு வீடியோ கால் போட்டாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

யார் எடுத்ததோ, படம் வந்தது. சமையலறைத் தரை. சோற்றுப் பானை கவிழ்ந்து கிடந்தது. அஸ்வதி சம்மணமிட்டிருந்தாள். எதிரே வெள்ளைத் தாவணி, திரைக்கு முதுகு காட்டி.

"அஸ்வதி! எந்திரி! வெளிய ஓடு!"

பிள்ளை திரும்பவில்லை. தாயின் குரல் அங்கே போய்ச் சேரவில்லை.

"சோறு தீந்துடுச்சும்மா," என்று அஸ்வதி எதிரே இருப்பதிடம் சொன்னாள். வெறுங்கையை விரித்துக் காட்டினாள்.

பின்னல் முன்னால் சரிந்தது. அது பக்கம் திரும்பிக் குனிந்தது.

குழந்தையின் விரல்கள் அதன் வாய்க்குள் இருந்தன. கூசுகிறதென்று அஸ்வதி சிரித்துக்கொண்டிருந்தாள்.