வெள்ளைப் பந்தல்

சுகாதார ஆய்வாளர் அலுவலகத்தைத் திறக்கும்முன்பே சாவியக்கா வாசலில் நின்றிருந்தாள். ஒன்பது வருடமாகக் கடற்கரைக் கழிப்பறையைப் பார்த்துக்கொள்பவள். சாவிக்கொத்து இடுப்பைவிட்டு இறங்காததால் அந்தப் பெயர்.

"கடல் தண்ணி சுத்தமாம் சார். மணல்லதான் கிருமியாம். அதுல விளையாடின நாலு பிள்ளைங்களுக்கு வயித்துப்போக்கு. என் கழிப்பறைத் தொட்டி கசியுதுன்னு டீக்கடைக்காரர் எழுதிக் குடுத்துட்டார். வேலை போகப்போகுது."

வேலையைவிட அந்தப் பிள்ளைகளின் நினைப்புதான் அவளை அரித்தது. ஒருவேளை தொட்டி கசிந்திருந்தால்?

ஆய்வாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "போய்ப் பார்த்துடலாம்."

ஜீப் ஓட்டுநர் வழியெல்லாம் துப்பறிந்தார். "கடைக்காரன்தான் சார். அவன் முழியே சரியில்ல."

"முழியைச் சோதனைக்கு அனுப்ப முடியாதேப்பா."

கடற்கரையில் ஆய்வாளர் தொட்டிக்குள் சிவப்புச் சாயம் ஊற்றினார். தொட்டியைச் சுற்றியிருந்த மணலை ஒரு புட்டியிலும், கடைக்கு எதிரே பிள்ளைகள் விளையாடும் பந்தலடி மணலை இன்னொன்றிலும் அள்ளினார். மழை பெய்து மூன்று வாரமாகியிருந்தும் பந்தலடி மணல் ஈரமாக இருந்தது. கழிப்பறைக் கூரையெங்கும் புறா எச்சம். பந்தல் துணியோ பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"பந்தல் எப்போ போட்டீங்க?"

"போன மாசம் சார்," என்றார் கடைக்காரர். "பிள்ளைங்க வெயில்ல வாடுதேன்னு போட்டேன்."

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. ஆய்வாளர் மூவரையும் பந்தலடிக்கு அழைத்தார்.

"தொட்டிப் பக்கத்து மணல் சுத்தம். சாயமும் எங்கேயும் கசியல. கிருமி இங்க மட்டும்தான். தொட்டி ஒன்பது வருஷமா இருக்கு, நோய் இந்த மாசம்தான் வந்துச்சு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி புதுசா வந்தது எது?"

"பந்தல்," என்றார் ஓட்டுநர்.

"புறா பந்தலை மட்டும் விட்டுவைக்குமா? தினமும் யாரோ கழுவினாத்தான் இவ்வளவு வெள்ளையா இருக்கும். கழுவின எச்சமெல்லாம் மணல்ல இறங்கும். நிழல்ல ஈரம் காயாது, கிருமி பெருகும்."

கடைக்காரர் முகம் வெளுத்தது. "காலையில குழாய் வச்சு அடிப்பேன் சார். சுத்தமா இருக்கட்டும்னுதான்... தெரியாம உங்க மேல பழி போட்டுட்டேன் அக்கா. பிள்ளைங்க எப்படி இருக்காங்க சார்?"

"நாலு பேரும் நேத்தே பள்ளிக்கூடம் போயாச்சு."

மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்க, சாவியக்கா அப்படியே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் மறுபடி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

"அது கிடக்கட்டும்," என்றாள் அவள் சிரித்துக்கொண்டே. "முதல்ல பந்தலைப் பிரிங்க. இந்த மணல் கொஞ்சம் வெயில் பார்க்கட்டும்."