மண்ணுக்குள் போன பூட்டு

மஸ்கெலியாவுக்கு மேலே கட்டிக்கொடுத்த புது வீட்டுக்கு சுதர்ஷினி குடிவந்தது ஒரு மழைக்கால மத்தியானம். மண்சரிவில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு போன பிறகு ஐந்து வருஷமும் தகரக் கொட்டகைதான், வாசலுக்குச் சாக்குப் படுதா. மகள் தனுஜா பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அங்கேதான். பூட்டு என்றால் என்னவென்றே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

மறுநாள் கடைக்குக் கிளம்புகையில் சுதர்ஷினி கதவைச் சாத்திப் புதுப் பூட்டை அமுக்கினாள்.

கிளிக்.

பக்கத்தில் நின்ற தனுஜா அலறினாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. அதன்பிறகு பூட்டுகிற போதெல்லாம் அதே அலறல். போதாக்குறைக்கு, புதிதாகப் பூசிய சிமெண்டுச் சுவரில் ஈரச் செம்மண் வாடை வேறு.

கிளினிக்கில் டாக்டர் மெரினா, பிள்ளை வயிற்றில் இருக்கையில் என்ன நடந்தது என்று கேட்டார்.

"மூணு மாசம்ங்க. அப்பத்தான் மூத்தவன் நிரோஷன் மண்ணுக்குள்ள போனான். ஆறு வயசு. காய்ச்சல்ல தூங்கிக்கிட்டிருந்தான்."

ஊருக்கெல்லாம் சொன்னதையே இங்கேயும் சொன்னாள்.

"தாய் படுற துக்கம் பிள்ளையோட மரபணுவ மாத்தாதும்மா. ஆனா அதுல எது வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்னு சில குறி இருக்கு. அந்தக் குறி மாறலாம். பிள்ளை பயந்த சுபாவமாப் பொறக்கலாம்."

"அப்ப... இவள அலற வைக்கிறது அவன் இல்லீங்களா?"

"இல்லம்மா. பயம் எறங்கி வரலாம். நடந்த கதை எறங்கி வராது."

நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அவன் இல்லை என்றதும், பாவி மனசு, பேயாகவாவது வந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியது.

பஸ்ஸை விட்டு இறங்கினால் எங்கும் பனிமூட்டம். இடுப்பில் இருந்த தனுஜா காதோரம் கிசுகிசுத்தாள்.

"அண்ணன் தூங்கலம்மா."

அண்ணன் ஒருவன் இருந்ததையே சுதர்ஷினி அவளுக்குச் சொன்னதில்லை.

"கதவத் தட்டிக்கிட்டே இருந்தானாம். நீ வெளிய பூட்டிட்டுக் கொழுந்து பறிக்கப் போயிட்டியாம்."

ஐயோ, உண்மைதான். காய்ச்சல் பிள்ளை மழையில் இறங்கிவிடக் கூடாதே என்று பூட்டிவிட்டுத்தான் மலைக்குப் போனாள். அது அவளைத் தவிர ஒரு குருவிக்கும் தெரியாது. அந்தப் பூட்டின் சாவி இன்னும் அவள் தாலிக்கயிற்றில் கிடக்கிறது. கேட்டால் பெட்டிச் சாவி என்பாள்.

வீட்டு வாசலில் அவள் கால் நின்றுவிட்டது.

கதவில் புதுப் பூட்டைக் காணோம். செம்மண் அப்பிய பழைய பூட்டுத் தொங்கியது.

உள்ளேயிருந்து, கதவின் கீழ்ப்பக்கம்.

தட். தட்.

கழுத்துச் சாவியைப் போட்டாள். திரும்பியது.

"வந்துட்டேன்டா தங்கம்! அம்மா வந்துட்டேன்!"

உள்ளே யாரும் இல்லை. கதவின் உட்புறம், ஒரு சிறுவன் எட்டுகிற உயரத்தில், பத்து விரல் பிறாண்டிய ஈர மண் தடம்.

அன்றுமுதல் அவள் அந்தக் கதவைப் பூட்டுவதே இல்லை. தனுஜாவும் அலறுவதில்லை. இருந்தும், வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பிராவிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு வேலை முடிந்து வருகிற ஒவ்வொரு நாளும் அந்தப் பூட்டுத் தொங்குகிறது. உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்கிறது. அவளும் மூச்சிரைக்க ஓடிவந்துதான் திறக்கிறாள். தடம் மட்டும்தான் இருக்கும்.

நேற்றும் அப்படித்தான். வாசலில் உட்கார்ந்து அழுதவளின் கண்ணைத் துடைத்துவிட்டு தனுஜா சொன்னாள்.

"நாளைக்காவது கொஞ்சம் வெள்ளனா வரச் சொன்னான்மா."