பளபளத்த சிம்பல்

"என் தம்பி பொய் சொல்றான். அதை நீங்கதான் நிரூபிக்கணும்" என்றபடி உள்ளே வந்தார் தையல்கடை அம்மா. ஒரு காலில் செருப்பு இன்னும் அப்படியே இருந்தது.

மாப்பிள்ளை செய்தித்தாளை மடித்து வைத்தார். இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் தங்கள் ஆட்கள் உண்மையைச் சொல்வதாகத்தான் அடித்துப் பேசுவார்கள். சொந்த அக்காவே தம்பியைப் பொய்யன் என்பது புதுசு. லீவு நாளில் மாமியார் வீட்டுக்கு வந்தது வீண் போகவில்லை என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

அத்தை, அதாவது அவருடைய மாமியார், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இழப்பு விசாரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். தானாகப் பிடித்த தீயையும் வைத்த தீயையும் சாம்பலைப் பார்த்தே பிரித்துச் சொல்வார். ஓய்வுக்குப் பிறகும் அக்கம்பக்கத்தார் தங்கள் சிக்கலை எல்லாம் கொண்டுவந்து அவர் கூடத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை தன்னைத் தானே அவருக்கு உதவியாளராக நியமித்துக்கொண்டவர். மாப்பிள்ளையை வேலையை விட்டு நீக்குவது எப்படி என்று அத்தைக்குத் தெரியவில்லை.

"முதல்ல அந்தச் செருப்பைக் கழட்டிட்டு உக்காருங்க. என்ன பொய் சொன்னான்?"

"வீட்டுக்காரரோட சிம்பலைத் துடைச்சது அவன்தானாம்."

தையல்கடை அம்மாவின் கணவர் இசைக்குழுவில் டிரம்மர். தம்பி அதே குழுவில் கீபோர்டு. பெற்றோர் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்ததே டிரம்மர்தான். மாமனும் மச்சானும் எல்லாவற்றிலும் ஒற்றுமை, ஒன்றைத் தவிர. டிரம் செட்டின் வலது பக்கத்தில் ஸ்டாண்டில் நிற்கும் சிம்பல், அதாவது பெரிய வெண்கலத் தட்டு ஒன்று, வாங்கிய நாளிலிருந்து துடைக்கப்படாமல் கறுத்துக் கிடந்தது. "அழுக்குதான்டா அதோட குரல்" என்பார் டிரம்மர். "அது குரல் இல்ல மாமா, சோம்பேறித்தனம்" என்பான் தம்பி. சாப்பிட உட்கார்ந்தால் இந்தச் சண்டையும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்.

"சனிக்கிழமை ஓட்டல்ல ஒரு ரிசப்ஷன். தம்பிதான் வழக்கம்போல எல்லாத்தையும் மாட்டினான், முடிஞ்சதும் கழட்டிப் பையில போட்டான். திங்கக்கிழமை இவர் ஜன்னலைத் திறந்துட்டுப் பையைப் பிரிச்சா, தட்டு கண்ணாடி மாதிரி மின்னுது. யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே இவன் முந்திக்கிட்டு, 'நான்தான் மாமா. சனிக்கிழமை காலையிலயே எலுமிச்சம்பழமும் பேஸ்டும் போட்டு ரெண்டு மணி நேரம் தேய்ச்சேன்'ங்கறான்."

"இருக்கலாமே" என்றார் மாப்பிள்ளை.

"துரும்பைக் கிள்ளிப் போட மாட்டான் அவன். குடிச்ச டம்ளரைக் கழுவினது கிடையாது. அவனாவது ரெண்டு மணி நேரம் தேய்க்கறதாவது." சொல்லும்போதே தையல்கடை அம்மாவின் குரல் உடைந்தது. "இனிமே இவன் வாசலை மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டார். அவனும் துணிப்பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். நாளைக்குள்ள கீபோர்டுக்கு வேற ஆள் பார்க்கறாராம். எனக்கு ரெண்டு பேரும் வேணும்மா."

"சனிக்கிழமை வாசிச்சிட்டு வந்து அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"ஒண்ணுமே சொல்லல. அங்க நீலமும் சிவப்புமா லைட்டு, கண்ணுக்கு என்ன தெரியும்? நல்லா வாசிச்சேன்னு சந்தோஷமாத்தான் வந்தார். திங்கக்கிழமை பார்த்ததுக்கு அப்புறம்தான், சத்தமே செத்துப்போச்சுன்னு வீட்டைத் தலைகீழாக்கிட்டார்."

அத்தை "ம்" என்றார். அந்த "ம்" வந்தால் உடனே புறப்பட வேண்டும் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். அவர் ஏற்கனவே சட்டையை மாற்றிக்கொண்டிருந்தார்.

ஒத்திகை அறை சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வெளியே சத்தம் போகாமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். நடுவில் டிரம் செட். ஓரத்தில் ஸ்டாண்டில் கீபோர்டு, அதன் அடியில் அதன் நீளமான உறை.

டிரம்மர் ஆஜானுபாகு. குரலும் அதற்கேற்றபடி. பக்கத்தில் நிற்கிறவர்களிடமும் தெருக்கோடியில் நிற்கிறவர்களிடம் பேசுவதுபோலத்தான் பேசினார். எதிராளி வாய் திறந்தால் வைத்த கண் வாங்காமல் முகத்தையே பார்த்தார். மரியாதை தெரிந்த மனிதர் என்று மாப்பிள்ளை மனசுக்குள் மதிப்பெண் போட்டார்.

"துடைச்சா என்னங்க கெட்டுப்போகுது? நான் தெரியாமத்தான் கேக்கறேன்" என்றார் அத்தை.

"சொல்றேன்மா. இந்தத் தட்டைப் பாருங்க, சுத்திச் சுத்திக் கோடு கோடா இருக்கா? வருஷக்கணக்கா அதுல தூசியும் கை எண்ணெயும் போய் உக்காரும். அதனால சத்தம் கூர்மை குறைஞ்சு, மெத்துனு வரும். துடைச்சா ஒரே கிணுகிணுப்பு. பளபளப்பு பிடிச்சவன் துடைச்சுக்கட்டும், வேண்டாங்கலை. ஆனா அழுத்தித் தேய்ச்சா அழுக்கோட உலோகமும் போகும். மெஷின்ல கொடுத்தா சூட்டுலயே..."

மாப்பிள்ளையின் கைக்கடிகாரம் கீச் கீச் என்று மணி சொன்னது. தையல்கடை அம்மா திரும்பிப் பார்த்தார். அத்தை முறைத்தார். அந்தக் கீச்சை நிறுத்தித் தொலைக்கும்படி அவர் சொல்லாத நாள் இல்லை. மாப்பிள்ளைக்கு அது நேரம் தவறாதவர் என்ற பெருமை. அவர் அவசரமாகக் கடிகாரத்தைப் பொத்தினார்.

"...சூட்டுலயே குணம் மாறிடும்" என்று டிரம்மர் நிறுத்தாமல் முடித்தார். "வாரம் ஒருதரம் உலர்ந்த துணியால ஒத்தி எடுத்தாலே போதும்கறவங்க இருக்காங்க. நான் அதுவும் செய்யறதில்லை."

அத்தை பளபளத்த தட்டைக் கழற்றச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டார். நடுத் துளைக்குள் சுண்டுவிரலை விட்டு மெதுவாகச் சுற்றினார். பிறகு எழுந்துபோய், துடைக்காத மற்ற தட்டுகளின் துளைகளிலும் அப்படியே சுற்றினார். தையல்கடை அம்மாவின் சட்டையில் குத்தியிருந்த ஊசியை வாங்கி, நடுக் குமிழைச் சுற்றியிருந்த கோடுகளில் கிழித்துப் பார்த்தார். பழைய தட்டில் கிழித்த ஊசி முனையில் கறுப்பு அப்பிக்கொண்டு வந்தது. பளபளத்த தட்டில் கிழித்தபோது ஊசி போனபடியே சுத்தமாகத் திரும்பியது.

"நல்லாத்தான் தேய்ச்சிருக்கான்" என்றார் மாப்பிள்ளை.

"ஆமா மாப்பிள்ளை. ரொம்ப நல்லாத்தான்" என்றார் அத்தை.

படியிறங்கும்போதே மாப்பிள்ளைக்குத் துப்புத் துலங்கிவிட்டது. குற்றவாளி குழுவின் பாடகர்தான். குழுவை வீடியோ எடுக்கப் போவதாகவும், தட்டுகள் மின்னினால்தான் படம் எடுபடும் என்றும் பாடகர் நச்சரித்ததாகத் தையல்கடை அம்மாவே சொன்னாரே. தம்பி இப்போது தங்கியிருப்பதும் பாடகர் வீட்டில்தான். அத்தையின் அனுமதியோடு மாப்பிள்ளை நேரே அங்கே போய் நின்றார்.

பாடகர் கொஞ்சமும் மழுப்பவில்லை. "துடைக்கச் சொன்னேன், முடியாதுன்னார், விட்டுட்டேன். யார் துடைச்சிருந்தாலும் அவங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும். ஒரு மாசமா அந்தத் தட்டு ஓட்டைத் தகரம் மாதிரி கரகரன்னு என் காதை அறுத்துது. சனிக்கிழமைதான் நிம்மதியாப் பாடினேன்."

"அதை அவர்கிட்ட சொல்லலையா?"

"நான் வாயைத் திறக்கப் போனாலே அவர் மச்சான் என் காலை மிதிப்பான் சார்."

வெற்றிக் களிப்போடு திரும்பிய மாப்பிள்ளை இதை அப்படியே ஒப்பித்து, "காரணமும் கிடைச்சாச்சு அத்தை. காது வலி தாங்காம பாடகரே துடைச்சிருக்கார்" என்று முடித்தார்.

கேஸ் முடிகிற சமயத்தில் அத்தையின் முகத்தில் வழக்கமாக வரும் தெளிவு வரவில்லை. "எனக்கு இது பிடிக்கலை மாப்பிள்ளை. ஆனா அந்தப் பையன் தெருவுல நிக்கிறானே. எல்லாரையும் சாயங்காலம் வரச் சொல்லுங்க" என்றார்.

மாலையில் எல்லாரும் ஒத்திகை அறையில் கூடினார்கள். டிரம்மர் தன் ஸ்டூலில் அமர்ந்திருந்தார். தம்பி கதவோரமாக, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாதவன்போல நின்றான். டிரம்மர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. பாடகர் முட்டை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீ எதையும் துடைக்கல" என்றார் அத்தை.

"துடைச்சேன் மேடம்."

"ரெண்டு மணி நேரத்துல, எலுமிச்சம்பழத்துல, அத்தனை வருஷத்து அழுக்கு மேலாகத்தான் போகும். கோட்டுக்குள்ள கொஞ்சமாவது கறுப்பு மிஞ்சும், பேஸ்ட்டோட வெள்ளையும் ஒட்டியிருக்கும். இதுல ஊசி முனைக்குக்கூட ஒண்ணும் சிக்கலை. சரி, நீ கெட்டிக்காரன்னே வெச்சுக்குவோம். துளைக்கு என்ன பதில் சொல்லப் போறே?"

டிரம்மர் நிமிர்ந்தார். "துளையா?"

"ஸ்டாண்டோட கம்பி உரசி உரசி உங்க பழைய தட்டு எல்லாத்துலயும் துளை ஒரு பக்கமா தேய்ஞ்சு நீண்டிருக்கு. எல்லாத்தையும் விட அதிகமா அடி வாங்கியிருக்க வேண்டியது இந்தப் பெரிய தட்டுதான். இதோட துளை வட்டம் மாறாம இருக்கு. துடைச்சா அழுக்கு போகும். தேய்ஞ்சுபோன வெண்கலம் திரும்பி வளராது." அத்தை தட்டை அவர் கையில் கொடுத்தார். "இது துடைச்ச தட்டு இல்லைங்க. வேற தட்டு."

மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாடகரைப் பார்த்துக் கோணலாகச் சிரித்துவைத்தார்.

"மாப்பிள்ளை, அந்த உறையைக் கொஞ்சம் தூக்குங்க. கீபோர்டு ஸ்டாண்டுல இருக்கே, உறையில கனம் இருக்கான்னு பாருங்க."

இருந்தது. உள்ளே துணி சுற்றிய ஒரு பெரிய தட்டு, கன்னங்கரேலென்று. துணியைப் பிரித்ததும் விளிம்பிலிருந்து உள்நோக்கி விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் தெரிந்தது. தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

"உடைச்சிட்டு மறைச்சானா?" என்றார் தையல்கடை அம்மா.

"அவன் உடைக்கல. அடிச்சு அடிச்சு வந்த விரிசல். அதே அளவுல ஒண்ணு தேடிப் பிடிச்சு மாட்டியிருக்கான். புதுசு மின்னும்; அதனால துடைச்சேன்னு திட்டு வாங்கிக்கிட்டான்."

"விரிசல்னா விரிசல்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" டிரம்மரின் குரலில் அட்டைகள் அதிர்ந்தன. "அதுக்கு எதுக்கு இந்தக் கூத்து?"

தம்பி அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று அவன் கண்கள் கெஞ்சியது மாப்பிள்ளைக்கே புரிந்தது. ஏன் என்பதுதான் புரியவில்லை. கம்பெனியில் எத்தனையோ பேரை நடுங்கவைத்த அத்தை, இப்போது புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார்.

டிரம்மர் குச்சியை எடுத்தார். கறுத்த தட்டை ஒரு கையில் தூக்கிப் பிடித்து ஓங்கி ஓர் அடி அடித்தார். ஓட்டைத் தகரத்தைக் கல்லில் இழுத்ததுபோல் ஒரு சத்தம். பாடகர் தோளைக் குறுக்கினார். தையல்கடை அம்மா காதைப் பொத்தினார். மாப்பிள்ளைக்குப் பல் கூசியது. டிரம்மர் தட்டைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். மீண்டும் ஒரு முறை, இன்னும் ஓங்கி அடித்துவிட்டு, மீண்டும் அந்த முகங்களைப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா இப்படிக் கேக்குது?" என்றார். முதல்முறையாக அவர் குரல் தணிந்திருந்தது.

"ஒரு மாசமா மாமா" என்றான் தம்பி. "விரிசலைக் காட்டினா, அது எனக்குக் கேக்கலையேன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும்னு... நான் கெட்டவனாவே இருந்துட்டுப் போறேன்னு..."

டிரம்மர் மாப்பிள்ளையிடம் திரும்பினார். "சார், காலையில நான் பேசிட்டிருக்கும்போது சட்டுனு கடிகாரத்தைப் பொத்தினீங்களே. அது சத்தம் போட்டுச்சா?"

மாப்பிள்ளை ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தார். காலையில் தான் போட்ட மதிப்பெண்ணை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

டிரம்மர் மின்னும் தட்டை ஸ்டாண்டில் மாட்டித் திருகினார். பிறகு எழுந்து கதவோரம் போய், மச்சானின் கையில் குச்சியைத் திணித்தார்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட நீயும் வா. எது கேக்குது எது கேக்கலைன்னு நான் பொய் சொல்லுவேன், நீ பக்கத்துல நிக்கணும்." அவன் தலையைத் தடவிக்கொடுத்தார். "இதைத் துடைக்கறதா வேண்டாமான்னு இனிமே நீயே முடிவு பண்ணுடா. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

தம்பி டிரம் செட் அருகே வந்து அந்தத் தட்டை மெல்லத் தட்டினான். பிறகு சட்டை நுனியால், கை பட்ட இடத்தை மட்டும் ஒத்தி எடுத்தான். அவன் எதையாவது துடைத்து அவன் அக்கா பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவர் அழுதுகொண்டே சிரித்தார்.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் கடிகாரம் கீச் கீச் என்றது. அவர் பதறிப்போய், "நிறுத்திடறேன் அத்தை" என்று கையை உயர்த்தினார்.

அத்தை தலையைச் சாய்த்து, அது ஓயும்வரை கேட்டுக்கொண்டு நின்றார்.

"வேண்டாம் மாப்பிள்ளை. அது பாட்டுக்கு அடிக்கட்டும்."