வெயில் இல்லாமல் ஏறிய சார்ஜ்

வெயிலைக் கண்ணால் பார்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆனாலும் பேட்டரி அறையில், இன்வெர்ட்டரின் சின்னத் திரையில், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். காலையில் பதினெட்டு சதவீதம். இப்போது இருபத்து நான்கு. கூரைமேல் இருந்த பேனல்களில் மழைத்தண்ணீர்தான் வழிந்துகொண்டிருந்தது. பட்டப்பகலிலேயே சமையலறையில் பாத்திரம் எது, மூடி எது என்று தடவிப் பார்க்க வேண்டிய இருட்டு. இந்த மாதிரி நாட்களுக்கென்று அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஃப்ரிட்ஜ் நிற்கும், மோட்டார் நிற்கும், விளக்குகள் அணையும். சிவப்பு டேப் ஒட்டிய ஒரே ஒரு ஸ்விட்சை மட்டும் யாரும் தொடக்கூடாது. அதில்தான் அவள் மகள் பாப்பாவின் ஆக்சிஜன் மெஷின் ஓடியது. பாப்பாவுக்கு ஐந்து வயது, பிறந்ததிலிருந்தே நுரையீரல் பலவீனம். மெஷின் நின்றால் கொஞ்ச நேரத்திலேயே உதடு நீலமாகிவிடும்.

"கரண்ட் கம்பியே வேண்டாம், எவனுக்கும் பில் கட்ட வேண்டாம், சூரியன் என்ன லீவா போடப் போகுது?" என்று மார்தட்டி இந்த வீட்டைக் கட்டியவன் அவள் கணவன். ஜெனரேட்டர் ஒன்று வாங்கி வைப்போம் என்று அவள் சொன்னபோது, பெட்ரோல் நாற்றம் ஆகாது என்று மூக்கைப் பொத்திக்கொண்டவனும் அவன்தான். சூரியன் லீவு போட்டது. புயலில் ஆற்றுப் பாலம் போனது. ஆம்புலன்ஸ் அக்கரையோடு நின்றுவிடும், மெஷின் இல்லாமல் பாப்பாவை அவ்வளவு தூரம் தூக்கிப் போக வழியில்லை.

அறையில் முடி பொசுங்கிய வாடை அடித்தது. பேட்டரிகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அவர்கள் வளர்த்த நாய் செத்துக் கிடந்தது. கேபிளைக் கவ்விய வாய் அப்படியே இறுகியிருந்தது, கண் இரண்டும் வெந்து வெளுத்திருந்தன.

அவள் போட்ட கூச்சலில் கணவன் ஓடிவந்தான். நாயைக் குனிந்து பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். அதை விட்டு அவன் பார்வை நகரவே இல்லை.

"கேபிளைக் கடிச்சிருக்கு. ஷாக் அடிச்சிருக்கு," என்றான்.

"சார்ஜ் எப்படிங்க ஏறுச்சு?"

அவன் திரையில் இருந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தான்.

மறுநாள் மதியத்துக்குள் எண் ஒன்பதுக்கு இறங்கி, எச்சரிக்கை மணி கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது. அவன் கொல்லையில் இருந்த கோழிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு பேட்டரி அறைக்குள் போனான். "நீ பாப்பாகிட்ட போ. வராத." அவள் போனாள். பாப்பாவின் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள், ஆனால் தன் காதைப் பொத்த அவளுக்குக் கையில்லை. ஒரு சிறகடிப்பு, ஒரு கேவல், பிறகு இன்வெர்ட்டரின் உறுமல் ஒரு கணம் கனத்து, தாகம் தீரக் குடித்தவர் விடும் மூச்சைப் போல இறங்கும். அடுத்த கோழி. மறுபடி அந்த மூச்சு. கடைசியில் மணி நின்றது. கேவலம்தான், ஆனால் மணி நின்றபோது அவளுக்குள் முதலில் வந்தது நிம்மதி.

கோழிகள் ஏற்றிய சார்ஜ் இரண்டு நாள்கூடத் தாங்காது போலிருந்தது.

அடுத்த நாள் சாயங்காலம், இடுப்புவரை நனைந்து, தோளில் ஒரு பேட்டரியைச் சுமந்தபடி சோலார்காரர் வந்து நின்றார். இந்த வீட்டுக்குப் பேனல் மாட்டியவர். போன் போட்டுப் பார்த்து லைன் கிடைக்காமல் போகவே, மனசு கேட்காமல் ஆற்றில் இறங்கி வந்திருந்தார்.

"அக்கா, பயப்படாதீங்க. மெஷினை இதுல மாட்டிட்டு பாப்பாவைத் தூக்கிட்டுப் போயிடலாம். அக்கரையில ஆம்புலன்ஸ் நிக்குது," என்றார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த மனிதரின் சேறு படிந்த காலைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பேட்டரி அறைக்குள் நுழைந்தவர், அந்த உறுமலைக் கேட்டதும், பேட்டரியைத் தோளிலிருந்து இறக்காமலே, வந்த வேலையை மறந்து, பழைய பேட்டரிகளில் டெஸ்டரை வைத்தார். ஒவ்வொன்றாக வைத்தார். முகம் மாறியது.

"இது எல்லாமே செத்துப் போச்சு சார். உள்ள ஒண்ணுமே இல்ல. மெஷின் எதுல ஓடுது?"

இன்வெர்ட்டர் உறுமியது. சற்றுக் குரலை உயர்த்தியதுபோல.

"முதல்ல இதைக் கழட்டணும்," என்று சொல்லி அவர் ஸ்பேனரை எடுத்து, பேட்டரியில் கம்பி மாட்டியிருந்த டெர்மினலில் வைத்தார்.

"கழட்டாத," என்றான் கணவன்.

"சார், இது வேற என்னமோ..."

"கழட்டாதன்னு சொன்னேன்ல!"

அவன் கையில் சுத்தியல் எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. ஈரத் துணியை அடித்துத் துவைக்கும் சத்தம். அவர் திரும்பி அவளைப் பார்த்து "அக்கா" என்றார். இரண்டாவது அடி வாயில். பல் சிதறியது. தோளில் இருந்த பேட்டரி தரையில் விழுந்து பிளந்தது. அவர் ஊர்ந்தார். கணவன் அவர் முதுகில் முழங்காலைப் போட்டு, தலைமுடியைப் பிடித்து, முகத்தை டெர்மினலில் அழுத்தினான். குதிகால்கள் தரையில் படபடவென்று அடித்தன. புகை. வாடை. குதிகால்கள் நின்றன.

இன்வெர்ட்டரின் மூச்சு இறங்கியது. நீளமாக.

திரையில் நூறு.

கணவன் சுவரோரம் சரிந்து, ரத்தக் கையால் முகத்தை மூடிக்கொண்டு, "என்னால முடியாது, இனிமே என்னால முடியாது," என்று குழந்தை மாதிரி அழுதான்.

அப்போது கூடத்து விளக்கு எரிந்தது.

யாரும் ஸ்விட்சைத் தொடவில்லை. பிறகு சமையலறை. மாடிப்படி. மின்விசிறிகள் சுழன்றன. காலி மிக்சி அலறியது. அவள் ஓடி ஓடி அணைத்தாள். ஸ்விட்ச் கீழே. விளக்கு எரிந்தது. பியூஸைப் பிடுங்கினாள். எரிந்தது. திரும்பி வந்து பார்த்தபோது தொண்ணூறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்பத்தொன்பது. கோழிகளுக்கெல்லாம் அது இனி அடங்காது என்று அவளுக்குப் புரிந்தது.

பாப்பா உறக்கத்தில் முனகினாள். உதடு சிவப்பாக இருந்தது. எவ்வளவு அழகான சிவப்பு.

எண்பத்தைந்து.

போன் அடித்தது. அக்கரையில் இருக்கும் அவள் அக்கா.

"ஏய், மாடியில இருந்து பார்க்கிறேன், உங்க வீடு பூரா லைட்டு எரியுது! இங்க புயலுக்கு அப்புறம் கரண்டே இல்லடி. பசங்க இருட்டுல பயந்து அழுவுதுங்க. ஆத்துல தண்ணி வடிஞ்சுடுச்சு, நாங்க அங்க வந்துடட்டுமா?"

வராதே என்று சொல்ல வாயைத் திறந்தாள். உண்மையாகவே அதைத்தான் சொல்ல நினைத்தாள். திரையைப் பார்த்தாள். எண்பது.

"வாக்கா," என்றாள். "பசங்களையும் கூட்டிட்டு வா."

போனை வைத்தாள். சோலார்காரரின் கால்களைப் பிடித்து இழுத்து மூலையில் தார்ப்பாயால் மூடினாள். தரையைத் துடைத்தாள். அழுதுகொண்டிருந்தவன் கையிலிருந்து சுத்தியலை வாங்கி, முந்தானையில் துடைத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் தடுக்கவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வாசலுக்கு வந்து நின்றாள். ஆற்றைக் கடந்து மூன்று டார்ச்சுகள் வந்துகொண்டிருந்தன. ஒன்று உயரத்தில். இரண்டு தாழ்வாக, துள்ளித் துள்ளி. "சித்தி!" என்று ஒரு பிஞ்சுக் குரல் காற்றில் வந்தது. அவள் கையசைத்தாள்.

தலைக்கு மேலே வாசல் விளக்கு இன்னும் கொஞ்சம் பிரகாசமானது, ஈரப் படிகளில் குழந்தைகள் வழுக்கி விழுந்துவிடாதபடிக்கு.