நகராத நிழல்

படம் தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் முழுக் கதையையும் அண்ணன் சொல்லி முடித்துவிட்டான்.

“ஹீரோவோட நண்பனை வில்லன் கொன்னுடுவான் பாரு. ஹீரோ முதல்ல நல்லா அடி வாங்குவான். அப்புறம் எழுந்து எல்லாரையும் வெளுத்து வாங்குவான். கடைசியில கண்ணாடி உடையும்.”

“கதை தெரிஞ்சா என்னண்ணா? அந்தச் சிவப்பைப் பாரேன்!” என்றாள் தங்கை.

அவளை வீட்டில் எல்லோரும் ஆந்தை என்றுதான் கூப்பிடுவார்கள். பிடித்ததைக் கண்டால் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அண்ணன் சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. நண்பன் செத்தான். ஹீரோ அடி வாங்கினான். ஆனால் ஆந்தைக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. ஒரு சண்டை பச்சை மழையில் நடந்தது. துளிகள் பாசிமணிகளைப் போல மெல்ல மெல்ல விழுந்தன. இன்னொரு சண்டை சிவப்புச் சுவர்கள் கொண்ட கூடத்தில். அங்கே ஆட்களே தெரியவில்லை. அவர்களுடைய நிழல்கள் மட்டும் சுவரில் மோதிக்கொண்டன.

பகல் காட்சி என்பதால் அரங்கில் கூட்டமே இல்லை. அழைத்து வந்த சித்தப்பா, வெடிச் சத்தத்துக்கு நடுவிலும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

திரை இருண்டது. வில்லன் வீட்டின் பாதாள அறை. ஹீரோ கையில் விளக்கோடு படியிறங்கினான். எங்கும் கருநீலம்.

கடைசிப் படியில் ஒரு நிழல் நின்றது.

சின்னத் தலை. சின்னச் சின்னக் கைகள். அது ஒரு கையைத் தூக்கி, எதையோ தட்டியது. தட்டிக்கொண்டே இருந்தது.

“அண்ணா, யாரது?”

அண்ணன் திரையை உற்றுப் பார்த்தான். இது அவன் சொன்ன கதையில் இல்லை.

அடுத்த காட்சியில் வெயில் அடிக்கும் தெரு வந்தது. நிழலைக் காணோம். அண்ணன் மூச்சு விட்டான். மறுபடி பாதாள அறை. மறுபடி அதே நிழல், அதே இடத்தில்! அதன் பக்கத்திலேயே துப்பாக்கி வெடித்தது. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பே... பேய்டி!” அண்ணன் இரண்டு கால்களையும் இருக்கைமேல் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஆந்தைக்கும் ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. காட்சி மெல்ல நகர்ந்தது. படிகள் இடப்பக்கம் போயின. தூண்கள் போயின. ஹீரோவும் போனான். நிழல் மட்டும் போகவில்லை. அதைச் சுற்றி லேசாக ஒரு மஞ்சள் வெளிச்சம் வேறு.

இந்தப் படத்தில் இருட்டு என்றால் நீலம்தான். மஞ்சள் எங்கிருந்து வந்தது?

“அண்ணா, படம் நகருது. அது நகரல. அது படத்துக்குள்ள இல்ல. திரைக்குப் பின்னாடி இருக்கு!”

“பின்னாடியா? அது இன்னும் மோசமாச்சே!”

ஆந்தை எழுந்து வாசலுக்கு ஓடினாள். டிக்கெட் கிழிப்பவர் அங்கே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

“மாமா, திரைக்குப் பின்னாடி யாரோ தட்டுறாங்க. சின்னப் பிள்ளை மாதிரி இருக்கு.”

“படத்துல அப்படித்தாம்மா பயமுறுத்துவான். போய் உக்காரு. எம் பொண்ணு பாரு, உன்னைவிடச் சின்னவ, எவ்வளவு சமத்தா...” என்று பக்கத்து முக்காலியைக் காட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். முக்காலியில் யாரும் இல்லை.

டார்ச்சைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு வாசலிலேயே தங்கிவிட்டது. ஆந்தை பின்னால் ஓடினாள்.

திரையின் ஓரத்தில் ஒரு சிறு கதவு திறந்து கிடந்தது. உள்ளே அலமாரி உயரத்துக்கு ஒலிபெருக்கிகள். அவற்றுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கிய இடைவெளி. அவர் தோள் அதில் நுழையவில்லை.

“நான் போறேன் மாமா.”

இருட்டு. தூசி. ஒவ்வொரு வெடிக்கும் தரை அதிர்ந்தது. பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து போனாள். அந்தப் பக்கம் யாரோ அணைக்க மறந்த மஞ்சள் பல்பு. அதற்கு முன்னால், திரையை ஒட்டி, ஒரு குட்டிப் பெண். பாவாடை ஓரம் ஒலிபெருக்கியின் ஆணியில் மாட்டியிருந்தது. வாய் பெரிதாகத் திறந்திருந்தது. ஆனால் அழுகை கொஞ்சமும் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய சத்தத்தில் அவள் அழுகை யாருக்குக் கேட்கும்?

ஆந்தை பேசிப் பார்க்கவில்லை. குழந்தையின் இரண்டு காதுகளையும் தன் உள்ளங்கைகளால் பொத்தினாள். குழந்தை அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

“படத்தை நிறுத்தச் சொல்லவாம்மா?” இடைவெளியில் முகத்தை வைத்து அவர் கத்தினார்.

“சத்தத்தை மட்டும்!” என்று ஆந்தை கத்தினாள்.

சற்று நேரத்தில் சத்தம் நின்றது. திடீர் அமைதியில் சித்தப்பா திடுக்கிட்டு விழித்து, “என்னாச்சு? என்னாச்சு?” என்று கேட்பது இங்கே வரை கேட்டது.

ஆந்தை பாவாடையை ஆணியிலிருந்து மெதுவாக விடுவித்தாள்.

“இங்க எதுக்கு வந்தே?”

“ஹீரோ வீட்டைப் பாக்க.” குழந்தை விசும்பியது.

“இதோ, பாரு.”

இருவரும் நிமிர்ந்தார்கள். பின்னாலிருந்து பார்த்தபோது எல்லாமே இடம் வலமாக மாறியிருந்தது. சத்தமே இல்லாமல் பச்சை மழை பெய்தது. தலைக்கு மேலே, வீடளவு உயரத்தில், ஹீரோ இடது கையால் குத்துவிட்டான். கண்ணாடி உடைந்து, சிவப்புச் சில்லுகள் மெல்ல மெல்ல அவர்களை நோக்கி மிதந்து வந்தன. ஆந்தைக்கு மயிர்க்கூச்செறிந்தது. குழந்தை அழுகையை மறந்து கையை நீட்டியது.

அப்போது இடைவெளி வழியே, நடுங்கிக்கொண்டே, அண்ணன் வந்து சேர்ந்தான்.

“ஆந்தை! உனக்கு ஒண்ணும் ஆகலையே? பேய் எங்கே?”

பேய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவனை ஏறிட்டுப் பார்த்துச் சொன்னது:

“அண்ணா, தள்ளி நில்லு. படம் மறைக்குது.”