தொண்டையில்லாத மதகு

சாயங்காலம் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது: தவளைச் சத்தம் ஜன்னல் பக்கமிருந்து வரவில்லை, காலுக்கடியிலிருந்து வந்தது.

சதுப்பு நிலத்தை இரண்டாகப் பிளந்து ரோடு போட்டவன் அவளுடைய அண்ணன்தான், காண்ட்ராக்டர். அதற்காகக் கொட்டிய மண்மேட்டிலேயே ஒரு வீட்டையும் கட்டி, புருஷன் விட்டுப் போன தங்கைக்குக் கொடுத்தான். ஊரே மெச்சியது. அவளுக்கும் உச்சி குளிர்ந்துபோனது. மேற்கே இருக்கும் தண்ணீர் கிழக்கே போக வழி வேண்டாமா என்று அவள் கேட்டதற்கு, "ரோட்டுக்கடியில மதகு வெச்சிருக்கேன்மா, அண்ணன் மேல நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்தான்.

மேற்கே தூரத்து மேட்டு நிலத்தில் பெய்த மழையெல்லாம் இறங்கி மேற்குப் பாதி தளும்பியது. கிழக்குப் பாதி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சந்தேகம் தாங்காமல் இன்று மத்தியானம் போய் மதகுக்குள் கழியை விட்டுப் பார்த்தாள். ஒரு முழம்கூடப் போகவில்லை, சிமென்ட் இடித்தது. மறுபக்கமும் அப்படியே. இரண்டு பக்கமும் வாயை மட்டும் கட்டி வைத்திருந்தான், நடுவே குழாயே இல்லை. கூடப் பிறந்தவன் செய்கிற காரியமா இது? கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள், அவன் போனை எடுக்கவில்லை.

இப்போது அந்தச் சத்தம் சமையலறையிலிருந்து கூடத்துக்கு நகர்ந்தது. பின்னாலேயே அழுகின கோரைப்புல் வாடை, டைல்ஸ் இடுக்கில் கசியும் கறுத்த நீர், ஆழத்தில் யாரோ நிதானமாக விழுங்குவது போல ஒரு களக் சத்தம். அது படுக்கையறைப் பக்கம் போனது. உள்ளே காய்ச்சலோடு மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அண்ணனை மறுபடி கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"அண்ணா, தரைக்கடியில என்னமோ நகருது!"

"எந்தப் பக்கம் போகுது?"

அவன் ஆச்சரியப்படவேயில்லை.

"கிழக்கு ரூம் பக்கம். பாப்பா அங்கதான் தூங்குறா."





"நீ மட்டும் வெளிய வந்துடும்மா."

போன் நழுவியது. தவளைகள் அடங்கின. விழுங்கும் சத்தமும் நின்றது.

கதவைத் தள்ளினாள்.

தரை இல்லை. கறுப்புச் சேறு. சத்தமில்லாமல் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. கட்டில் சாய்ந்து கிடந்தது. காலி. சுவரின் அடியில் மகளின் பின்னல் மட்டும் சேற்றின் மேல் தெரிந்தது. அது சுவருக்குள் மெல்ல மெல்ல இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது.